விடுபட்ட எண்

வணக்கம் அம்மா,

ராமானுஜனின் பட்டியல் ஒன்றில் ஒரு எண் விடுபட்டிருப்பதாகப் போன வாரம் உங்கள் உரையில் சொன்னீர்கள். அவ்வளவு பெரிய மேதையின் குறையை மேடையில் சொல்லத்தான் வேண்டுமா? மனசு கஷ்டமாகிவிட்டது. 6746328388800 என்ற எண்ணுக்கு 10080 வகுத்திகள் (மீதியில்லாமல் வகுக்கும் எண்கள்) என்றீர்களே, அதை யார் உட்கார்ந்து எண்ணினார்கள்? பத்தாவது படிக்கும் என் மகனை அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா?

சு., தஞ்சாவூர்

அன்புள்ள சு.,

அபாகஸ் வேண்டாம். பையன் தூங்கட்டும்.

யாரும் எண்ணவில்லை. அந்த எண்ணைப் பகா எண்களாக உடைத்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, அப்புறம் 11, 13, 17, 19, 23 தலா ஒன்று. வகுத்தி என்பது இவற்றில் சிலதைப் பொறுக்கியெடுத்துப் பெருக்குவதுதான். 2-ஐ எடுக்காமலே விடலாம், ஆறு வரைக்கும் எடுக்கலாம். ஆக 7 வழி. 3-க்கு 5 வழி. 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மற்ற ஐந்துக்கும் இரண்டிரண்டு, ஐந்து 2-ஐப் பெருக்கினால் 32. 7 × 5 × 3 × 3 × 32. பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதைவிடச் சின்ன எண் எதற்கும் இத்தனை வகுத்திகள் கிடையாது. 12-ம் அந்த ஜாதிதான்: அதற்கு ஆறு, அதற்குக் கீழே எதற்கும் நாலைத் தாண்டாது. இப்படிப்பட்ட எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-ல் கேம்பிரிட்ஜில் இருந்தபடி அந்த நீண்ட கட்டுரையை வெளியிட்டார். நான் சொன்ன பட்டியல் அதில் இருப்பதுதான். மறு வருஷம் கிடைத்த பி.ஏ. பட்டம் இந்த ஆய்வுக்குத்தான். போர்க்காலம், லண்டன் கணிதக் கழகத்திடம் காசில்லை; பிற்பகுதியை அச்சிடவில்லை. அது கட்டுரையாக ஒரு ஆய்விதழில் அச்சேற 1997 ஆயிற்று. இதற்கல்லவா உங்கள் மனசு கஷ்டப்பட்டிருக்க வேண்டும்!

நீங்கள் குறை என்று எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் கேட்ட எண்தான் அவருடைய பட்டியலில் கடைசி. அதை 23-ஆல் வகுங்கள். கைபேசியைத் தொடாமல், பேப்பரில். 293318625600 வரும். 5040 வகுத்திகள் உள்ள இதுதான் விட்டுப்போன எண். கடைசி எண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது! இது விட்டுப்போனது நமக்கு எப்படித் தெரியும்? அவர் பட்டியலை யாரோ வரி விடாமல் சரிபார்த்ததால். சாமி படத்துக்கு மாலை போடுகிறவர்கள் கண்ணில் இது பட்டிருக்காது. நீங்கள் கும்பிடுகிறீர்கள் சு., படிக்கவில்லை. கும்பிடுகிறவருக்கு அந்தப் பட்டியலில் எத்தனை எண் இருந்தால்தான் என்ன?

என் அப்பா ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதினார். ராத்திரி சிட்டையை நான் வாசிக்க, அவர் பேரேட்டில் சரிபார்ப்பார். எனக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். ஒருநாள் சிட்டையில் இருந்த ஒரு வரி பேரேட்டில் ஏறவே இல்லை. பார்த்துவிட்டேன். அப்பாவிடம் தப்பென்று எப்படிச் சொல்வது? அந்த வரியை வாசிக்காமல் தாண்டிப் போனேன். அன்று கூட்டல் இடித்தது. அவர் மறுபடி மறுபடி கூட்ட, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரை மணிக்கு மேல் அழுதுகொண்டே சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். “பாத்துட்டுச் சும்மாவா இருந்தே?” என்றார். அந்தக் கேள்வி அடியைவிட மோசம். அப்புறம் பேனாவை என் கையில் கொடுத்துவிட்டார். அவருடைய அச்சுப்போன்ற எழுத்துக்கு நடுவே, என் கோணல் எழுத்தில், நொய் 3 மூட்டை. மண்டி முதலாளி அதைப் பார்த்து யார் எழுத்து என்று கேட்டாராம். “எம் பொண்ணு. நான் விட்டதைப் புடிச்சா” என்று அப்பா சொன்னாராம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

வகுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மீதி வந்தால் தப்பு உங்களுடையது. பையனிடம் காட்டுங்கள், கண்டுபிடித்துவிடுவான்.