ஈறில் ரத்தம், ஆடும் பல், ஏறும் சர்க்கரை: பெரியவர்களுக்காக ஒரு கேள்வி பதில்

வணக்கம். ஈறு நோய் சிகிச்சை மட்டுமே 22 வருடமாகப் பார்த்து வரும் பல் மருத்துவர் நான். வீட்டுப் பெரியவர்களின் வாய் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான், வயது 67. பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது, வலி இல்லை. வயசானால் இப்படித்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படியே விடலாமா டாக்டர்?

விடாதீர்கள் ஐயா. வயதானதால் மட்டும் ஈறில் ரத்தம் வராது. 85 வயதில் கல் மாதிரி ஈறு வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன், 40 வயதில் முன்பல் ஆடிக்கொண்டு வருபவர்களையும் பார்க்கிறேன். நடப்பது என்னவென்றால், பல்லும் ஈறும் சேரும் இடத்தில் கிருமிப் படலம் ஒன்று தினமும் படிகிறது. சரியாகத் தேய்த்தால் போய்விடும். தேய்க்காமல் விட்ட இடத்தில் சில நாட்களிலேயே இறுகிக் காரையாகிவிடும், அதற்கு மேல் பிரஷ்ஷால் எடுக்க முடியாது. அந்தக் காரையின் மேல் மேலும் கிருமி, அதை எதிர்த்து ஈறு வீங்குகிறது, தொட்டால் ரத்தம். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்துவிட்டால் ஈறு பழையபடி ஆகிவிடும். விட்டால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து ஒரு பை மாதிரி ஆகி, உள்ளே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைய ஆரம்பிக்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது.

மெல்லிய அளவுகோல் ஒன்றை ஈறுக்குள் விட்டு இந்தப் பையின் ஆழத்தைப் பார்ப்போம். 3 மில்லிமீட்டர் வரை சாதாரணம். 4, 5 என்று போய் ரத்தமும் வந்தால் நோய் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வலி இல்லை என்று நீங்கள் ஆறுதலாகச் சொல்கிறீர்கள், எனக்கு அதுதான் கவலை. ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது, பல் ஆடும்போதுதான் ஆட்கள் வருகிறார்கள்.

அப்பாவுக்கு 61 வயது, ஷுகர் 12 வருடமாக. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 8.9. சாப்பாட்டில் கட்டுப்பாடாகத்தான் இருக்கிறார், மாத்திரையும் கூட்டிவிட்டார்கள், இறங்க மாட்டேன் என்கிறது. ஈறில் அடிக்கடி சீழ்க்கட்டி வருகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, நன்றாகவே உண்டு. உடலின் மற்ற நோய்களுக்கும் ஈறுக்கும் உள்ள தொடர்பு பற்றி எத்தனையோ சொல்கிறார்கள், அதில் மிக உறுதியான ஒன்று சர்க்கரை நோய். அது இரண்டு பக்கமும் வேலை செய்யும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் கிருமியை எதிர்க்கும் சக்தி குறையும், புண் ஆறாது, எலும்பு வேகமாகக் கரையும். மறுபக்கம், ஈறில் ஓயாமல் இருக்கும் அழற்சியிலிருந்து வரும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. ஈறு என்பது சின்ன இடம்தானே என்று நினைக்கலாம். எல்லாப் பற்களையும் சுற்றியுள்ள பைகளைப் பிரித்து விரித்தால், நோய் முற்றியவருக்கு 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை புண்ணாக இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த அளவுக்குக் காலில் ஒரு புண் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். வாய்க்குள் இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

ஈறின் அடி வரை ஆழமாகச் சுத்தம் செய்தவர்களை மூன்று, நான்கு மாதம் கழித்துச் சோதித்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், எச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவுக்குக் குறைந்திருக்கிறது. 8.9 என்பது 8.5 ஆகலாம். மாத்திரைக்குப் பதில் இது என்று நினைத்துவிடாதீர்கள், மாத்திரையோடு சேர்த்து இது. ஆனால் சர்க்கரையில் 0.4 என்பது சில சமயம் கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தால் கிடைக்கும் பலனுக்குப் பக்கத்தில் வரும், அதனால் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. பல் சிகிச்சைக்கு வரும்போது அப்பாவை வெறும் வயிற்றோடு கூட்டி வர வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்குப் போவது போல நினைத்துச் சிலர் மாத்திரையை மட்டும் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்து நாற்காலியிலேயே மயங்கிவிடுகிறார்கள். காலை டிபன், வழக்கமான மாத்திரை, அதன் பிறகு வாருங்கள்.

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். பல் கிளீன் செய்ய அதை நிறுத்த வேண்டுமா? ஈறைச் சரி செய்தால் மறுபடி ஹார்ட் அட்டாக் வராது என்கிறார்களே, உண்மையா?

முதல் கேள்விக்கு: நீங்களாக நிறுத்தவே கூடாது. ஈறிலிருந்து கொஞ்சம் கூடுதலாக ரத்தம் வந்தால் பஞ்சை அழுத்தி நிறுத்திவிடலாம், ஸ்டென்டில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரைச் சீட்டை எடுத்து வந்து காட்டுங்கள், தேவைப்பட்டால் உங்கள் இதய மருத்துவரிடம் நாங்களே பேசிக்கொள்வோம்.

இரண்டாவதற்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோயும் அதிகம் இருக்கிறது, புகை, சர்க்கரை போன்றவற்றைக் கழித்துப் பார்த்தாலும் அந்தத் தொடர்பு மிச்சமிருக்கிறது. இதை அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் ஒப்புக்கொண்டது. அதே அறிக்கையிலேயே, ஒன்றால்தான் மற்றது வருகிறது என்பதற்கோ, ஈறைச் சரி செய்தால் மாரடைப்பு தடுக்கப்படும் என்பதற்கோ ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. ஆகவே 'கிளீன் பண்ணுங்கள், ஹார்ட் அட்டாக் வராது' என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். ஈறைப் பார்த்துக்கொள்ள அந்தப் பயம் தேவையே இல்லை. நன்றாக மென்று சாப்பிடுவது போதாதா?

செயற்கை இதய வால்வு வைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரை எடுப்பதற்கோ பல் பிடுங்குவதற்கோ முன்னால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். கிருமி ரத்தத்தில் போய் வால்வில் உட்காராமலிருக்க முன்கூட்டியே ஒரு வேளை ஆன்டிபயாடிக் கொடுப்போம்.

அம்மாவுக்கு முன்பல் ஈறு தடித்துப் பல்லையே மூடுகிறது. கட்டியோ என்று பயமாக இருக்கிறது. பிபி மாத்திரை மட்டும்தான் சாப்பிடுகிறார்.

அந்த மாத்திரையின் பெயரைப் பாருங்கள். அம்லோடிபின் என்றிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம், அந்த வகை பிபி மாத்திரைகள் சிலருக்கு ஈறை வளர வைக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயினும் அப்படித்தான். காரை சேர்ந்த வாயில் வளர்ச்சி இன்னும் அதிகம். மாத்திரையை நிறுத்தாதீர்கள், பிபி எகிறிவிடும். முதலில் சுத்தம் செய்து பார்ப்போம், வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று உங்கள் டாக்டரைக் கேட்போம், பெரும்பாலும் அதிலேயே குறைந்துவிடும். ஒரு முறை நேரில் காட்டிவிடுங்கள், வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள.

மாமியாருக்கு 82 வயது, பக்கவாதம் வந்து ஆறு மாதமாகப் படுக்கையில். வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறார், நாற்றம் அடிக்கிறது. ஏற்கெனவே இரண்டு முறை நிமோனியா. நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். என்ன செய்வது மேடம்?

உங்கள் கேள்வியைத்தான் நான் முதலில் படித்தேன் அம்மா. நீங்கள் செய்துகொண்டிருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும்.

அந்த நிமோனியாவுக்கும் வாய்க்கும் நேரடித் தொடர்பு இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கும், தூக்கத்தில் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், அழுக்கான வாயின் எச்சிலில் கிருமியும் சேர்ந்து நுரையீரலுக்குப் போகும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் ஒரு ஆய்வு செய்தார்கள், 2002-இல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் வாய் சுத்தம் செய்தார்கள், மறுபாதிக்கு வழக்கம்போல விட்டார்கள். விட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, சுத்தம் செய்தவர்களில் 11 சதவீதம். பல்லே இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது, அதனால் 'பொக்கை வாய்தானே' என்று யாரும் விட வேண்டாம்.

செய்யும் முறை இது. தலையணை வைத்து முடிந்தவரை உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ், பட்டாணி அளவுக்கும் குறைவாகப் பேஸ்ட். முதலில் உதட்டை ஈரத்துணியால் நனைத்து, கன்னத்தை வெளியே மெதுவாகத் தடவிக் கொடுத்துப் பேசிக்கொண்டே இருங்கள். பக்கவாட்டில் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் பிரஷ்ஷை நுழைத்தால் வாய் மெல்லத் திறக்கும். விரலைப் பற்களுக்கு நடுவில் வைக்காதீர்கள், தெரியாமல் கடித்துவிடுவார். செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் சாதம் அடைந்து கிடக்கும், அவருக்கு அது தெரியாது, அங்கே கட்டாயம் பாருங்கள். நாக்கையும் துடைத்துவிடுங்கள். கொப்பளிக்கச் சொல்ல வேண்டாம், நுரையை ஈரத் துணியால் வழித்து எடுத்தால் போதும். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

மூன்று வேளை முடியவில்லையா, இரவு ஒரு வேளை தவறாமல் செய்யுங்கள். ஒரு நாள் முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து முயலுங்கள். வீட்டில் மற்றவர்களும் இதைக் கற்றுக்கொள்ளட்டும், உங்கள் ஒருத்தியின் தலையில் எல்லாம் விழ வேண்டாம்.

ஈறுக் கிருமிதான் ஞாபக மறதி நோய்க்குக் காரணம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அப்பாவுக்கு மறதி ஆரம்பித்திருக்கிறது. பல்லையெல்லாம் எடுத்துவிடலாமா?

ஐயையோ, வேண்டாம். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் ஈறு நோய்க் கிருமி ஒன்றின் தடயங்கள் இருப்பதாக 2019-இல் ஒரு ஆய்வு வந்தது உண்மை. அந்தக் கிருமியின் நச்சைத் தடுக்கும் மருந்தை 600 பேருக்கு மேல் சேர்ந்த ஒரு ஆய்வில் சோதித்துப் பார்த்தார்கள், 2021-இல் முடிவு வந்தது, மறதி வேகம் குறையவில்லை. வீடியோக்களில் முதல் பாதி மட்டும் வரும். இன்னொன்றும் இருக்கிறது: மறதி வந்தவர்கள் பல் தேய்க்க மறந்துவிடுகிறார்கள், அதனாலும் அவர்கள் ஈறு கெடுகிறது. அப்பா தேய்க்கும்போது பக்கத்தில் நின்று நீங்களும் தேயுங்கள், பார்த்துச் செய்வார். பல்லை எடுத்துவிட்டால் புதிதாகப் பல்செட்டைப் பழகுவது மறதி உள்ளவருக்கு மிகவும் கஷ்டம்.

வெற்றிலை பாக்கு போட்டால் பல் கெட்டிப்படும் என்று பாட்டி விடமாட்டேன் என்கிறார். புகையிலையும் சேர்த்துத்தான்.

வெற்றிலை ஒரு பக்கம் இருக்கட்டும், பாக்கு புகையிலை இல்லாமலே புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலை சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். வாய் முன்போலத் திறக்கிறதா, ஆறாத புண், வெள்ளைத் திட்டு ஏதாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் காட்டிவிட வேண்டும். ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் பாட்டி கேட்கமாட்டார், புகையிலையை முதலில் நிறுத்தவையுங்கள்.

கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்கிறார்களே. என் அக்காவுக்கு அப்படித்தான் ஆனது.

வாரத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். அக்காவின் பல்லைச் சுற்றி எலும்பு முன்பே கரைந்து, காரைதான் சிமென்ட் மாதிரி பற்களை ஒட்டிப் பிடித்திருந்திருக்கும். அதை எடுத்ததும் உள்ளே இருந்த ஆட்டம் தெரிந்தது. வீக்கம் வற்றி ஈறு இறுகும்போது பல் இடுக்கில் சந்து தெரியும், சில நாள் கூசும். இதையெல்லாம் முன்னாலேயே சொல்லாமல் செய்தால் நோயாளி பயப்படத்தான் செய்வார், அது எங்கள் பக்கத் தவறு. கருவியை வைத்துப் பல்லைச் சுரண்டிக் கரைத்துவிடுவார்கள் என்பதும், மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பதும் உண்மை இல்லை.

எலும்பு தேய்மானத்துக்கு வருடம் ஒரு ஊசி போடுகிறார்கள். ஆடும் பல்லை எடுக்கலாமா?

எடுப்பதற்கு முன் அந்த ஊசியைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். சோலெட்ரோனிக் ஆசிட் போன்ற மருந்துகள் எடுப்பவர்களில் அபூர்வமாகச் சிலருக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும். ஊசி தொடங்கும் முன்பே வாயைச் சரி செய்துகொள்வது இன்னும் நல்லது.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றார்கள். நாங்கள் வேப்பங்குச்சி, உப்பு, கரித்தூள் எல்லாம் போட்டுத்தான் தேய்த்தோம். இப்போது ஆயில் புல்லிங் செய்கிறேன். போதுமா?

குச்சியை நன்றாக மென்று தும்பு போலாக்கித் தேய்த்தவர்களுக்கு அது உதவியதுதான். ஆனால் வயதானபின் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும்போது, கரித்தூளும் செங்கல் பொடியும் அந்த மென்மையான வேரை அரித்துப் பள்ளமாக்கிவிடும். மிருதுவான பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட், காலையும் இரவும் இரண்டு நிமிடம், பிரஷ்ஷை ஈறின் விளிம்பில் சாய்த்து வைத்து. பல் இடுக்கு அகலமாக இருந்தால் அதற்கென்று குட்டிப் பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கும், ஊக்கு, குச்சி விட்டுக் குத்தாதீர்கள். நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால் செய்யுங்கள், பிரஷ்ஷுக்குப் பதிலாக வேண்டாம்.

எனக்கு 74 வயது. ஒன்பது பல்தான் மிச்சம், அதில் மூன்று ஆடுகிறது. பென்ஷனில் ஓடுகிற குடும்பம். இனிமேல் செலவு செய்து என்ன ஆகப்போகிறது தாயி?

என் பாட்டி இதே வார்த்தையைத்தான் சொன்னார் ஐயா. 60 வயதுக்குள் எல்லாப் பல்லும் போய், கடைசி இருபது வருடமும் குழைந்த ரசம் சாதம்தான். முறுக்கை நாங்கள் இடித்துப் பொடியாக்கிக் கொடுப்போம். உடம்பு வற்றிக்கொண்டே போனது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை, படித்த பிறகுதான் புரிந்தது. கீரையையும் கடலையையும் கறியையும் மெல்ல முடியாதவர் உடம்பில் எங்கிருந்து சத்து சேரும்?

ஒன்பதில் ஆறு நன்றாக இருக்கிறது என்று நான் பார்க்கிறேன். அந்த ஆறைப் பிடித்து நிற்கும்படி ஒரு பல்செட் செய்யலாம், ஒரு பல்லும் இல்லாத வாயில் வைப்பதைவிட அது உறுதியாக நிற்கும். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்கள் ஊர்ப் பக்கம் மாவட்ட அரசு மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கும். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் செய்வார்கள். நேரம் கொஞ்சம் ஆகும், இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். காலையில் சாப்பிட்டுவிட்டு, சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆடுகிற மூன்றையும் பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.