உலகக்கோப்பை டிக்கெட் கையில் இருக்கிறது, விசா?

கோவை வாசகர் ஒருவர் கேட்கிறார்: 2026 கால்பந்து உலகக்கோப்பைக்கு அமெரிக்காவின் சியாட்டிலில் ஓர் ஆட்டம், கனடாவின் வான்கூவரில் ஓர் ஆட்டம் என்று ஃபிஃபா தளத்திலேயே டிக்கெட் வாங்கிவிட்டேன். டிக்கெட் இருப்பதால் விசா உறுதியாம், நாற்பதாயிரம் கொடுத்தால் அப்பாயிண்ட்மென்ட் உட்பட எல்லாம் முடித்துத் தருகிறாராம் ஒரு ஏஜென்ட். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். விசா உறுதி என்பது சுத்தப் பொய். டிக்கெட் விசா ஆகாது என்று அமெரிக்க வெளியுறவுச் செயலர் மார்கோ ரூபியோவே 2025 நவம்பரில் சொல்லிவிட்டார். ஃபிஃபாவிடம் நேரடியாக டிக்கெட் வாங்கியவர்களுக்கு ‘ஃபிஃபா பாஸ்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதில் நேர்காணல் தேதிக்கு முன்னுரிமை கிடைக்கும், அவ்வளவுதான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி வழக்கம்போல என்ன வேலை, யார் செலவு, எப்போது திரும்புவீர்கள் என்றுதான் கேட்பார். ஆக, உங்களுக்கு ஏற்கெனவே உள்ள முன்னுரிமையைத்தான் ஏஜென்ட் உங்களிடமே விற்கப் பார்க்கிறார்.

இந்த ஆட்கள் செய்யும் வேலை எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் விண்ணப்பக் கணக்கைத் தன் மின்னஞ்சல், தன் கைபேசி எண் போட்டுத் திறப்பார்கள், கடவுச்சொல்லைத் தரமாட்டார்கள். டிஎஸ்-160 என்ற அமெரிக்க விசா விண்ணப்பப் படிவத்தில் உங்கள் சம்பளத்தை ‘கொஞ்சம் கூட்டி’ எழுதியிருப்பதே நேர்காணலில்தான் உங்களுக்குத் தெரியவரும். பொய்த் தகவல் என்று அதிகாரி முடிவு செய்துவிட்டால் வாழ்நாள் முழுக்க அமெரிக்கா பக்கம் தலைவைக்க முடியாமல் போகலாம். ஏஜென்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. 2025 மார்ச்சில் இந்தியாவில் தானியங்கி மென்பொருள் மூலம் முன்பதிவு செய்யப்பட்ட சுமார் 2,000 அப்பாயிண்ட்மென்ட்களை அமெரிக்கத் தூதரகம் ரத்து செய்ததையும் நினைவில் வையுங்கள். படிவத்தை நீங்களே நிரப்புங்கள். கட்டணம் 185 டாலர், மறுத்தாலும் திரும்ப வராது.

அப்புறம் வான்கூவர். சியாட்டிலிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர், பஸ்ஸிலேயே போய்விடலாம், ஆனால் நடுவில் நாட்டு எல்லை. அமெரிக்க விசாவைக் காட்டினால் கனடா உள்ளே விடாது, தனி விசா வேண்டும். கத்தாரில் 2022-இல் ஹய்யா கார்டு, ரஷ்யாவில் 2018-இல் ஃபேன் ஐடி, இவற்றை வைத்தே ரசிகன் நாட்டுக்குள் போனான். இங்கே அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என மூன்று நாடுகள் கூட்டாகப் போட்டியை நடத்துகின்றன, ரசிகனுக்கு ஒரு பொது விசா கொடுக்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை!

ஒரே சலுகை மெக்சிகோ. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை, 180 நாள் வரை சுற்றுலாப் பயணியாக இருக்கலாம். உங்கள் அமெரிக்க விசா, பலமுறை நுழையவிடும் மல்டிபிள் என்ட்ரி விசாவா என்று பாருங்கள். விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் பழையது, புதியது இரண்டையும் கொண்டுபோங்கள். இது ஒருவழிப் பாதை, மெக்சிகோ விசாவை வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. டிக்கெட் கிடைத்தால் குவாடலஹாரா, மான்டெர்ரே ஆட்டங்களையும் யோசிக்கலாம்.

சரி, எதை முதலில் செய்வது? இரண்டு விசாவுக்கும் ஒரே சமயத்தில் விண்ணப்பிக்கலாம். கனடா விண்ணப்பம் ஆன்லைனில்தான்; கைரேகை கொடுத்துவிட்டு வந்தால், விசா கிடைத்த பிறகுதான் ஸ்டிக்கர் ஒட்ட பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். அதனால் பாஸ்போர்ட்டோடு அமெரிக்க நேர்காணலுக்குப் போய்வரலாம். இரண்டும் கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத விமான டிக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள்.