ஜூன் 5-ல் நட்ட கன்று ஏன் காய்கிறது?

கேள்வி: ஒவ்வொரு சுற்றுச்சூழல் தினத்திலும் எங்கள் பள்ளியில் ஐம்பது வேம்பு, புங்கன் கன்றுகள் நடுகிறோம். அடுத்த கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் நாலைந்துதான் மிஞ்சுகின்றன. பிள்ளைகள் சோர்ந்துபோகிறார்கள். எங்கே தவறு?
– ஓர் ஆசிரியை, திருமங்கலம்

பதில்: தேதியில்தான். ஜூன் 5 உலகத்துக்கே பொது. மழை அப்படி இல்லை. மதுரைப் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஜூனில் நட்ட கன்று அதுவரை ஆனி, ஆடிக் காற்றில் வதங்குகிறது.

ஜூனில் நடுவதற்குப் பதில் விதை சேகரியுங்கள். வேப்பம்பழம் உதிரும் காலம் அது. சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் நாலைந்து நாள் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். வேப்பங்கொட்டைக்கு முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். போன வருடக் கொட்டையில் உருட்டிய விதைப்பந்து முளைக்காததும் இதனால்தான். பைக்கு 2 பங்கு செம்மண், 1 பங்கு மணல், 1 பங்கு மக்கிய தொழு உரம். கொட்டையைப் படுக்கவைத்து ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றினால் இரண்டு, மூன்று வாரத்தில் முளைக்கும். மாதம் ஒருமுறை பைகளை இடம் மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆணிவேர் பையைத் துளைத்துத் தரைக்குள் இறங்கி, தூக்கும்போது அறுந்துவிடும்.

ஐப்பசி மழையில் மண் ஓரடி ஆழம் நனைந்த பிறகு நடுங்கள். குழி ஒன்றரை அடிச் சதுரம், அதே ஆழம். உங்கள் பக்கம் கரிசல் என்றால் கன்றின் தூர் தரையைவிட நாலு விரல் உயரமாக இருக்கட்டும். அடைமழையில் குழிக்குள் தண்ணீர் நின்று வேர் அழுகும். அதே கரிசல் மாசிக்குப் பிறகு வெடித்து வேரை அறுக்கும். தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சருகை அரையடி உயரத்துக்குப் பரப்பினால் வெடிப்பு குறையும்.

விடுமுறைக்கு: கன்றுக்கு ஓரடி தள்ளி ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிடுங்கள். பானைச் சுவர் வழியே ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். பிள்ளைகள் ஆசையாகப் பானைக்குப் பெயின்ட் அடிப்பார்கள், அடித்தால் கசியாது. வாரம் இருமுறை நிரப்ப, பள்ளிக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளிடம் ஆளுக்கு இரண்டு கன்று ஒப்படையுங்கள். ஐம்பது வேண்டாம், பத்துப் போதும். ஆறாம் வகுப்பிடம் கொடுத்தால் எட்டாவது வரை அவர்களே பார்ப்பார்கள். ஆட்டுக்கு முள்வேலி மறக்காதீர்கள்.

கேள்வி: மதிய உணவு மிச்சத்தைக் கொட்டும் உரக்குழி நாறுகிறது. மூடிவிடலாமா?
– பெற்றோர் ஒருவர், உசிலம்பட்டி

பதில்: மூட வேண்டாம். சோறு கட்டியாகி உள்ளே காற்றுப் போகவில்லை, அதனால்தான் நாற்றம். ஒரு கூடை மிச்சத்துக்கு மூன்று கூடை காய்ந்த சருகு. மேல் அடுக்கு எப்போதும் சருகாகவே இருக்க வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம். ஒழுகினால் இன்னும் சருகு போடுங்கள், உதிர்ந்தால் சாணிக் கரைசல் தெளியுங்கள். வாரம் ஒருமுறை கிளறினால் மூன்று மாதத்தில் மண் வாசனை வரும்.

இதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. கொட்டுவதற்கு முன் வகுப்புவாரியாக மிச்சத்தை எடைபோட்டுக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். எந்தக் கிழமை எது மிஞ்சுகிறது என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். சமையலம்மாவிடம் அந்தக் கணக்கைப் பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

கேள்வி: அரிட்டாபட்டிக்கு மாணவர்களை அழைத்துப் போக ஆசை. என்ன செய்யச் சொல்லலாம்?
– ஓர் ஆசிரியர், மேலூர்

பதில்: 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் உங்கள் தாலுகாவிலேயே இருக்கிறது, அவசியம் போங்கள். ஒரே நாளில் எல்லாம் பார்க்க முயல வேண்டாம். முப்பது பேருக்கு மேல் போகாதீர்கள். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, காலை 7 மணிக்குள் ஒரு கண்மாய்க் கரையில் உட்காரவையுங்கள். 15 நிமிடம் அசையாமல் இருந்து, கண்ட பறவை, எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த வேலை மூன்றையும் எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் அலகையும் காலையும் வரைந்தால் போதும், பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். அதே இடம், அதே நேரம், மாதம் ஒருமுறை. தை, மாசியில் பாறைச் சரிவுகளில் ராஜாளிகள் கூடு வைத்திருக்கும். அந்த மாதங்களில் பாறையடிக்குக் கூட்டமாகப் போனால் தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுந்துவிடும்.