லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் பள்ளிவாசல் இன்னும் தீவிரவாதிகளின் கூடாரம்தானா?

இல்லை. அந்தப் பெயர் வந்த கதையும் அது போன கதையும் வேறு வேறு.

1997-ல் அபூ ஹம்சா அங்கே இமாமாக வந்தார். அவரது வெறுப்புப் பேச்சுதான் பள்ளிவாசலை உலகச் செய்தியாக்கியது. 2003 ஜனவரியில் போலீஸ் சோதனை நடந்து கட்டடம் மூடப்பட்டது. அப்புறமும் அவர் வாசலுக்கு வெளியே தெருவிலேயே வெள்ளிக்கிழமைத் தொழுகை நடத்தினார். 2006-ல் பிரிட்டனில் சிறைத் தண்டனை, 2015-ல் அமெரிக்காவில் ஆயுள் தண்டனை.

பலர் கவனிக்காதது இதற்குப் பிந்தைய பகுதி. 2005-ல் புதிய அறங்காவலர்கள் பொறுப்பேற்றார்கள். வாரந்தோறும் வீடற்றவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். எந்த மதம் என்று கேட்பதில்லை. அக்கம்பக்கத்தார் வந்து பார்க்க வாசலைத் திறந்து வைக்கிறார்கள்.

ஆனாலும் பழைய கறை விடவில்லை. 2014-ல் எச்எஸ்பிசி வங்கி அவர்கள் கணக்கை மூடியது. வங்கிகள் பார்க்கும் ஒரு தகவல் தளத்தில் பள்ளிவாசல் 'பயங்கரவாதம்' என்ற பிரிவில் இருந்தது பிறகு தெரியவந்தது. வழக்குப் போட்டார்கள். அந்தத் தளத்தை நடத்திய தாம்சன் ராய்ட்டர்ஸ் 2017-ல் மன்னிப்புக் கேட்டு 10,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. பணம் சிறிதுதான், மன்னிப்பு பெரிது.

அதே ஆண்டு ஜூன் 19, ரமலான் இரவு. பக்கத்திலுள்ள முஸ்லிம் நல இல்லம் (Muslim Welfare House) என்ற சமூக, தொழுகை மையத்தருகே, தொழுதுவிட்டு வந்தவர்கள்மீது ஒருவன் வேனை ஏற்றினான்; ஒருவர் இறந்தார். ஆத்திரத்தில் இருந்த கூட்டம் அவனை அடித்துவிடாமல், போலீஸ் வரும்வரை காத்தவர் அந்த இல்லத்தின் இமாம். ஃபின்ஸ்பரி பார்க் என்றதும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார்.