புதன்கிழமை வேதபாடம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். தாம்பரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் புதன்தோறும் வேதபாடம் ஆரம்பித்தேன். எட்டுப் பேர் வருகிறார்கள். வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை எடுத்தோம். சபையில் மூத்த அண்ணன் ஒருவரே முக்கால் மணி நேரம் விளக்கம் சொல்கிறார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். நான் இறையியல் படித்தவள் இல்லை. போதகரையே வந்து நடத்தச் சொல்லட்டுமா?

– வாசகி, தாம்பரம்

அன்புள்ள தங்கைக்கு,

போதகரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஆனால் நடத்துவது நீங்களாகவே இருங்கள். வெளிப்படுத்தின விசேஷம் இப்போது வேண்டாம். அதை எடுத்தால் தெரிந்தவர் பேசுவார், தெரியாதவர் வாய் திறக்கப் பயப்படுவார். பழைய ஏற்பாட்டிலுள்ள ரூத் புத்தகத்தில் தொடங்குங்கள். நாலே அதிகாரம், 85 வசனம். வாரத்துக்கு ஓர் அதிகாரம் போதும்.

பல வருடங்களுக்கு முன் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் ரூத் இரண்டாம் அதிகாரம் வாசித்தோம். நோட்டு நிறையக் குறிப்பு வைத்திருந்தேன். சிந்தின கதிர் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத்துக்காக, நிலக்காரர் போவாஸ் தன் வேலைக்காரரிடம், "அரிகளிலே சிலதைச் சிந்தவிடுங்கள்" என்று சொல்கிற வசனம் வந்தது. அரி என்றால் என்ன என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். எனக்கே சரியாகத் தெரியவில்லை. பாய் ஓரத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மா ஒருவர் இருந்தார். இடது கையால் கதிர்த் தாளைப் பிடித்து, வலது கையால் அறுத்து, பக்கத்தில் கிடத்துவதுபோலச் செய்து காட்டினார். "இப்படிப் போடுறதுதாம்மா அரி. கையில கொடுத்தா வாங்குறவ கூசுவால்லா. கீழ விட்டுட்டுப் போனா அவளா பொறுக்குனதா இருக்கும்" என்றார்.

என் நோட்டில் 'போவாசின் தாராள குணம்' என்று எழுதியிருந்தேன். ரூத்தின் கூச்சத்தை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நோட்டை மூடிவிட்டு லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தைத் திருப்பினோம். அறுப்பில் சிந்தினதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்லும் கட்டளை அங்கே இருக்கிறது. அதற்கு அன்றைக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை.

ஆகவே முதலில் அதிகாரம் முழுவதையும் சத்தமாக வாசியுங்கள். பிறகு, "இதில் உங்களை நிறுத்திய வசனம் எது?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டபின் நீங்கள் பேசாதீர்கள். அரை நிமிடம் அமைதியாக இருந்தால் மனம் பதறும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் வாசிக்கும் பழைய திருப்புதல், அதாவது பழைய வேத மொழிபெயர்ப்பு, 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ். வாக்கியம் தடுக்கினால், 1995-இல் வந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு, தயங்க வேண்டியதில்லை. ஏழு மணிக்குத் தொடங்கினால் எட்டேகாலுக்கு முடித்துவிடுங்கள். டீயும் பிஸ்கட்டும் போதும். பின்னால் வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கூடினால், ஒரு வீட்டில் பிரியாணி போட்டால் வசதியில்லாத வீட்டார் தங்கள் முறை வரும்போது வராமலே நின்றுவிடுவார்கள். ஜெபக்குறிப்பாகச் சொன்னது எதுவும் அந்த ஹாலைத் தாண்டக்கூடாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அந்த அண்ணனை விட்டுவிடாதீர்கள். வேதத்தின்மேல் அவருக்கிருப்பது உண்மையான பிரியம். தனியாகப் பார்த்து, "அண்ணே, எல்லாரும் பேசினபிறகு கடைசியா நீங்க சொல்லுங்க" என்று கேளுங்கள். அடுத்த புதன், ரூத் முதலாம் அதிகாரத்தின் 22 வசனங்களையும் அவரே வாசிக்கட்டும்.

அன்புடன்,
அக்கா