கேள்வி – பதில்: பீப்பாய்க்கு 16 டாலர் வந்தால் போதுமா?

கேள்வி: ஈராக்கின் குர்திஸ்தானில் எண்ணெய் எடுக்கும் ஒரு கம்பெனியின் பங்கு வைத்திருக்கிறேன். ஏற்றுமதி மறுபடி தொடங்கினால் கவலை தீரும் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் 'பீப்பாய்க்கு 16 டாலர்' என்கிறார்கள். கச்சா எண்ணெய் 60 டாலருக்கு மேல் விற்கும்போது இது என்ன கணக்கு?
– ஆஸ்லோ வாசகர்

அந்த 16 டாலர் உங்கள் கம்பெனியின் முழுப் பங்கு இல்லை. முன்பணம் மாதிரிதான். 2025 பிப்ரவரியில் ஈராக் நாடாளுமன்றம் பட்ஜெட் சட்டத்தைத் திருத்தியபோது, எண்ணெய் எடுக்கிற செலவுக்கும் ஏற்றுமதிக் குழாய் வரை கொண்டுபோகிற செலவுக்குமாகச் சேர்த்து இந்தத் தொகையைத் தற்காலிகமாக வைத்தது. ஒரு சர்வதேச ஆலோசனை நிறுவனம் ஒவ்வொரு வயலின் செலவையும் ஆராய்ந்து சொன்ன பிறகு மிச்சத்தைத் தீர்ப்பது என்பது ஏற்பாடு. 2023-இலிருந்து மூடிக்கிடந்த குழாய் 2025 செப்டம்பர் 27 அன்று திறந்தது இந்த அடிப்படையில்தான்.

சிக்கல் எங்கே என்றால், எர்பில் அரசு (குர்திஸ்தானின் பிராந்திய அரசு) இந்தக் கம்பெனிகளோடு போட்டது உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம். 100 டாலருக்கு எண்ணெய் விற்றால் 10 டாலர் அரசுக்கு ராயல்டியாகப் போகும், மிச்சம் 90-இல் 40 சதவீதம் வரை செலவை மீட்க எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தால் 36 டாலர் கம்பெனிக்கு, அதற்கும் மேல் இருக்கிற 54 டாலரை லாபமாக அரசும் கம்பெனியும் பிரித்துக்கொள்ளும் (சதவீதம் வயலுக்கு வயல் மாறும்). செலவு 36-க்கு மேல் போனால் மீதி அடுத்த காலத்துக்குத் தள்ளிப்போகும், அழிந்துபோகாது.

பாக்தாத் பழகிய முறை இது இல்லை. தெற்கே ருமைலா வயலை 2009-இல் பிரிட்டனின் பிபியும் சீனாவின் சிஎன்பிசியும் எடுத்தபோது கிடைத்தது செலவுத் தொகையும், கூடுதலாக எடுக்கிற பீப்பாய்க்கு 2 டாலர் கூலியும்தான். எண்ணெய் விலை எவ்வளவு ஏறினாலும் கூலி அதேதான். போதாக்குறைக்கு, குர்திஸ்தானின் 2007 எண்ணெய்ச் சட்டமே செல்லாது என்று ஈராக்கின் உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அதனால் முதலீட்டாளர் பயப்படுவது 16 என்ற எண்ணைப் பார்த்து இல்லை. இன்றைக்குத் தற்காலிகம் என்று சொல்வது நாளைக்கு நிரந்தரமாகி, லாபப் பங்கு என்ற ஒன்றே காணாமல் போய்விடுமோ என்றுதான். என் பார்வையில் அந்தப் பயம் மிகையானதே இல்லை.

கேள்வி: பழைய பாக்கி வருமா?
– அதே வாசகர்

2022 அக்டோபரிலிருந்து 2023 மார்ச் வரை கொடுத்த எண்ணெய்க்கு எர்பில் பணம் தரவில்லை. எல்லாக் கம்பெனிகளுக்கும் சேர்த்து சுமார் 100 கோடி டாலர் என்று அவர்கள் சங்கமே சொல்கிறது. அப்புறம் 2023 மார்ச் 25-இல் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகத்துக்குப் போகும் குழாயே நின்றது. பாக்தாத்தின் சம்மதம் இல்லாமல் குர்திஸ்தான் எண்ணெயை அந்தக் குழாயில் விட்டதற்காக, பாரிஸ் நடுவர் மன்றம் துருக்கி ஈராக்குக்கு சுமார் 150 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்ததன் விளைவு அது. பாக்கி வராது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் தேதி போட்ட தவணை அட்டவணை கையெழுத்தாகும் வரை அதைப் பங்கின் மதிப்பில் சேர்க்காதீர்கள். ஆண்டறிக்கையில் 'வரவேண்டிய தொகை' பற்றிய குறிப்பைத் தேடிப் படியுங்கள், அதில் எவ்வளவை வராமல் போகலாம் என்று கம்பெனியே சந்தேகக் கணக்கில் கழித்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: குழாய் மூடியிருந்தபோது உள்ளூரில் லாரியில் விற்றார்களே, அது மட்டமான விலைதானே? ஆனாலும் நார்வேயின் டிஎன்ஓ எண்ணெய்க் கம்பெனி ஏற்றுமதி ஒப்பந்தத்தில் உடனே சேராமல் ஏன் நின்றது?
– இன்னொரு வாசகர்

விலை மட்டம்தான், உலகச் சந்தை விலையில் பாதி கூட இல்லை. ஆனால் பணம் முன்கூட்டியே கைக்கு வந்தது. லாரி எண்ணெயோடு கிளம்பும்போது கடன் என்று எதுவும் மிச்சம் இருக்காது. ஏற்றுமதியில் 16 டாலருக்கு ஈடாக ஜெய்ஹானில் எண்ணெயாகவே கொடுத்து, ஒரு வர்த்தகர் மூலம் விற்றுக் காசாக்குகிறார்கள், மிச்சப் பங்கோ ஆய்வு முடிந்த பிறகு. பாக்கியைத் தீர்க்காமல், வரப்போகிற பணத்துக்கு உறுதியும் இல்லாமல் குழாயில் எண்ணெயை விடமாட்டோம் என்று ஒரு கம்பெனி நின்றால் அதன் பங்குதாரர் கோபப்பட வேண்டியதில்லை. காலாண்டு அறிக்கை வந்ததும் உற்பத்தி எத்தனை பீப்பாய் என்பதைப் பிறகு பார்க்கலாம். விற்ற எண்ணெய்க்கு எத்தனை நாளில் பணம் வந்தது என்பதை முதலில் பாருங்கள்.