லினக்ஸ்ல என்ன டைப் பண்றாங்கன்னு பதியாம, எத்தன கீ அமுக்குறாங்கன்னு மட்டும் எண்ண முடியுமா?

முடியும். உங்க டைப்பிங் சென்டர் பிள்ளைகளுக்கு மணிக்கட்டு வலிக்குது, ஒரு நாளைக்கு எத்தன கீ போகுதுன்னு தெரியணும், ஆனா என்ன அடிக்கிறாங்கன்னு பாக்க வேணாம்னு கேட்டிருக்கீங்க. அந்தக் கடைசி வார்த்தைக்காகவே விவரமா எழுதுறேன். நானும் ஹட்டன்ல கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்குறேன், தமிழ் டைப்பிங் படிக்கிற பிள்ளைங்கதான் அதிகம்.

சில பேர் இன்டரப்ட் கணக்க, அதாவது ஹார்ட்வேர் எத்தன தடவ சிஸ்டத்தக் கூப்பிட்டுச்சுங்கிற எண்ணிக்கையப் பாருங்கம்பாங்க, ஐ8042ங்கிற (பழைய மாதிரி கீபோர்டு கன்ட்ரோலர்) வரியில நம்பர் ஏறும்தான், ஆனா அமுக்குனா ஒண்ணு விட்டா ஒண்ணு, ஆரோ கீக்கு அதுலயும் ரெண்டு மடங்கு, யூஎஸ்பி கீபோர்டுன்னா அந்த வரியிலயே வராது. அத விடுங்க.

சரியான எடம் எவ்டெவ், அதாவது கீபோர்டு, மவுஸ்ல நடக்குறத லினக்ஸ் ஃபைல் மாதிரி படிக்கக் குடுக்குற வசதி. டெவ் ஃபோல்டருக்குள்ள இன்புட்னு இருக்கும், அதுல ஒவ்வொரு கீபோர்டுக்கும் ஈவென்ட்னு ஒரு நம்பரோட ஃபைல் இருக்கும். அந்த நம்பர் ரீபூட்டுக்கு ரீபூட் மாறலாம், அதனால அதுக்குள்ள இருக்கிற பை-பாத் ஃபோல்டர்ல கேபிடின்னு (kbd) முடியுற பேர எடுத்துக்கங்க. 64 பிட் மெஷின்ல ஒரு ரெக்கார்டு 24 பைட்: நேரம், டைப், கோட், வேல்யூ. ஒரு தடவ அமுக்குனாலே பெரும்பாலும் மூணு ரெக்கார்டு வரும், ஸ்கேன் கோட் (கீபோர்டு அனுப்புற மூல எண்) ஒண்ணு, கீ ஒண்ணு, சின்க் (இதோட முடிஞ்சதுங்கிற அடையாளம்) ஒண்ணு, விடும்போது மறுபடி மூணு. சும்மா ரெக்கார்ட எண்ணுனா ஆறு மடங்கு காட்டும். டைப் 1, வேல்யூ 1 ரெண்டும் சேந்து வந்தா மட்டும் எண்ணுங்க. வேல்யூ 0ன்னா விட்டது, 2ன்னா அமுக்கிப் பிடிச்சதால தானா ரிப்பீட் ஆகுறது, பேக்ஸ்பேஸ பிடிச்சுக்கிட்டிருந்தா செகண்டுக்கு 30 கிட்ட வந்துடும், ஆனா விரல் ஒரு தடவதானே அமுக்குச்சு.

கெர்னலுக்கு, அதாவது லினக்ஸோட மையப் பகுதிக்கு, தமிழ் தெரியாது, ரெங்கநாதன்ங்கிற தமிழ் கீபோர்டு லேஅவுட்டா இருந்தாலும் ஆங்கிலமா இருந்தாலும் ஏ கீக்கு கோட் 30தான். போனடிக்ல, அதாவது ஆங்கில எழுத்துல ஒலிப்படி அடிக்கிற முறையில, 'அம்மா'ன்னு அடிக்க 5 கீ, திரையில 3 எழுத்து. வலிக்கிறது கீயாலதான், எழுத்தால இல்ல, அதனால உங்களுக்கு இந்தக் கீழ்மட்டக் கணக்குதான் வேணும். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற எடத்துல கிலோவத்தான் எழுதுவாங்க, எந்தச் செடியில பறிச்சதுன்னு எழுதுறதில்ல, அதே மாதிரி எந்தக் கீன்னு சொல்ற கோட் ஃபீல்ட ப்ரோக்ராம் எங்கயும் எழுதவே கூடாது, மணிக்கு ஒரு மொத்த எண்ணிக்க போதும்.

இதுல ரொம்ப கவனம் வேணும். இந்த ஃபைல்கள படிக்க அனுமதி உள்ள இன்புட் குரூப்ல சேத்துவிட்ட யூசர் யாரோட பாஸ்வேர்டயும் படிச்சிடலாம், ஒரு ப்ரோக்ராம்ல அடிக்கிறத இன்னொண்ணு பாக்க விடாத வேலண்ட்ங்கிற திரை சிஸ்டம் போட்டிருந்தாலும் காப்பாத்தாது, ஏன்னா இது அதுக்கும் கீழ. அதனால பிள்ளைங்களோட அக்கவுண்டயோ உங்க அக்கவுண்டயோ அந்த குரூப்ல சேக்காதீங்க, கவுண்டருக்குன்னு தனியா ஒரு யூசர் போட்டு, அத மட்டும் அந்த குரூப்ல சேத்து, சர்வீஸா (பின்னணியில தானா ஓடுற ப்ரோக்ராமா) ஓடவிடுங்க. ஓடவிடுறதுக்கு முன்னாடி பிள்ளைங்ககிட்ட சொல்லி, எழுதுற ஃபைலயும் தெறந்து காட்டுங்க, இத நான் கட்டாயம்னே சொல்வேன்.

பைதான்ல எவ்டெவ்னே ஒரு லைப்ரரி இருக்கு, அத வச்சு சின்ன ஸ்கிரிப்ட்லயே முடிஞ்சிரும்.